அன்டார்க்டிகா கப்பல் பயணம்: எந்த மாதம், எந்தக் கப்பல்?

கேள்வி: நானும் மனைவியும் அன்டார்க்டிகா போகப் பல வருடமாகப் பணம் சேர்த்து வருகிறோம். நவம்பர் முதல் மார்ச் வரை கப்பல் போகிறது என்கிறார்கள். எந்த மாதம் நல்லது? ஒரே பத்து நாள் பயணத்துக்குக் கப்பலுக்குக் கப்பல் விலை ஏன் இவ்வளவு மாறுகிறது? அம்மாவுக்கு 68 வயது, அவரையும் அழைத்துப் போகலாமா?

பதில்:

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டாவதில் தொடங்குகிறேன். இந்தக் கப்பல்களில் ரப்பர் படகு ஓட்டும் வேலையில் இருந்தவன் என்ற முறையில், மாதத்தைவிடக் கப்பலைத்தான் நீங்கள் முதலில் முடிவு செய்யவேண்டும் என்று நினைக்கிறேன். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஜனவரியில் பெங்குவின் குஞ்சு பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு, ஜனவரியில் விலை குறைவாக இருக்கும் கப்பலைப் பிடிக்கிறார்கள். அங்கே போன பிறகுதான், ஒரு கரையில் தங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம் என்று தெரிகிறது.

காரணம் ஓர் எண். அன்டார்க்டிகாவில் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. 500 பேருக்கு மேல் பயணிகளை ஏற்றிய கப்பல் யாரையும் இறக்கவே கூடாது. கடலில் இருந்தபடி பார்த்துவிட்டுத் திரும்பவேண்டும். ஓரிடத்தில் ஒரு சமயத்தில் ஒரு கப்பல்தான் ஆட்களை இறக்கலாம். இருபது பயணிகளுக்கு ஒரு வழிகாட்டியாவது கரையில் இருக்கவேண்டும். இந்த விதிகளைக் கடைப்பிடிப்பது ஐயாட்டோ என்ற அமைப்பு. அன்டார்க்டிகா சுற்றுலா நடத்தும் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து 1991இல் தொடங்கியது. இன்று அங்கே போகும் கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே அதன் உறுப்பினர்கள்தான்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்பலில் 100 பேருக்கும் குறைவு என்றால், எல்லோரும் ஒன்றாக இறங்கி இரண்டரை, மூன்று மணி நேரம் கரையில் இருக்கலாம். 200 பேர் என்றால் பாதிப் பேர் கரையில், பாதிப் பேர் ரப்பர் படகில் பனிப்பாறைகளுக்கு நடுவே சுற்றுவார்கள், பிறகு மாற்றிக்கொள்வார்கள். அதுவும் நல்ல ஏற்பாடுதான், ஏனென்றால் படகில் சுற்றுவது கரைக்குச் சற்றும் குறைந்ததல்ல. 400, 500 பேர் என்றால் நான்கைந்து குழு. உங்கள் முறை வரும்வரை அறையில் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு வியர்த்தபடி காத்திருக்கவேண்டும். அந்த இடைவெளியில் காற்று கிளம்பிவிட்டால், கடைசிக் குழுவுக்கு அன்றைக்கு இறக்கமே இல்லை. ஆகவே விலையைக் கப்பலோடு கப்பல் ஒப்பிடாதீர்கள். கரையில் கால் வைக்கும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று ஒப்பிடுங்கள். பல சமயம் 'விலை அதிகம்' என்று ஒதுக்கிய சிறிய கப்பல்தான் மலிவாக வந்து நிற்கும்.

என் கருத்து: 200 பேருக்கு உட்பட்ட கப்பலாக எடுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அறை எந்தத் தளத்தில், பால்கனி உண்டா, சாப்பாடு எத்தனை வகை என்பதெல்லாம் பிறகு. பகலில் யாரும் அறையில் இருக்கப்போவதில்லை. ஜன்னல் வைத்த கீழ்த்தள அறை நடுக்கடலில் ஆட்டம் குறைவாகவும் இருக்கும்.

விலை வித்தியாசத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. சோவியத் யூனியன் உடைந்த பிறகு, வேலையில்லாமல் நின்ற ரஷ்ய ஆராய்ச்சிக் கப்பல்களை வாடகைக்கு எடுத்துத்தான் 1990களில் இந்தத் தொழில் பெருகியது. அவை எளிமையானவை, உறுதியானவை. பிறகு தெற்கே, கப்பல்கள் எரிபொருளாகப் பயன்படுத்தும் அடர்த்தியான கனரக எண்ணெய்க்கு 2011 ஆகஸ்ட்டில் தடை வந்தது, 2017இல் துருவக் கடல்களுக்கென்றே தனிப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இப்போது புதிதாகக் கட்டப்பட்ட, நீராவிக் குளியல் அறையும் பல உணவகங்களும் கொண்ட கப்பல்கள் நிறைய ஓடுகின்றன. அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் பணம். தோராயமாகச் சொன்னால், இருவர் தங்கும் சாதாரண அறையில் ஆளுக்கு 7,000, 8,000 டாலர் என்பது கீழ்மட்டம். 12,000 முதல் 15,000 வரை சகஜம். விமானச் செலவு தனி.

சரி, மாதத்துக்கு வருவோம்.

நவம்பரில் போனால் பனி புதிதாக, யார் காலும் படாமல் இருக்கும். பெங்குவின்கள் கடலிலிருந்து கூட்டுக்கு நடந்து நடந்து பனியில் ஒரு வாய்க்கால் மாதிரி பாதை போட்டு வைத்திருக்கும். ஜென்டூ பெங்குவின் ஆண், வாயில் ஒரு கூழாங்கல்லைக் கவ்விக்கொண்டு வந்து துணையின் காலடியில் வைக்கும். அது திரும்பிப் போனதும் பக்கத்துக் கூட்டுக்காரன் அதே கல்லை எடுத்துப் போய்விடும். இதை மணிக்கணக்கில் பார்த்தாலும் அலுக்காது. ஆனால் பனி ஆழமாக இருக்கும், ஒவ்வொரு அடியும் முழங்கால்வரை இறங்கும். கால் போன குழியை நீங்களே பனி தள்ளி மூடவேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். தயவுசெய்து செய்யுங்கள். அந்தக் குழியில் பெங்குவின் விழுந்தால் ஏற முடியாது. இந்த மாதத்தில் கடல்பனி இன்னும் விலகாததால், லெமேர் கால்வாய் போன்ற தெற்குப் பகுதிகள் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

டிசம்பர் பின்பாதி முதல் ஜனவரிவரை கூட்டம் அதிகமான காலம், விலையும் உச்சம். குஞ்சு பொரிப்பது இப்போதுதான். இந்தக் கப்பல்கள் போகும் அன்டார்க்டிகா தீபகற்பத்தின் வட பகுதியில் இருபது மணி நேரம் வெளிச்சம் இருக்கும். இரவு பதினோரு மணிக்கும் மேல்தளத்தில் நின்று புகைப்படம் எடுக்கலாம். வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி, நல்ல நாளில் நாலைந்து டிகிரிவரை போகும். குளிரைவிடக் காற்றுதான் பிரச்சினை. அப்புறம் வாடை. யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்: பெங்குவின் குடியிருப்பு கண்ணில் படும் முன்பே மூக்குக்குத் தெரியும். கிரில் என்ற, இறால் போன்ற சிறு உயிரியைத் தின்று அவை இடும் எச்சம் இளஞ்சிவப்பு நிறத்தில் பாறை முழுக்கப் பூசியிருக்கும். இரண்டு நிமிடத்தில் பழகிவிடும்.

பிப்ரவரியும் மார்ச் தொடக்கமும் திமிங்கிலங்களின் காலம். என்னைக் கேட்டால் நான் இதைத்தான் எடுப்பேன். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கிரில் தின்று கொழுத்து, வடக்கே போகத் தயாராகும் நேரம். வில்ஹெல்மினா விரிகுடாவில் படகின் என்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால், மூச்சு விடும் சத்தம் நான்கு பக்கமும் கேட்கும். சில சமயம் ஒன்று படகின் பக்கத்திலேயே எழும். அதன் மூச்சு முகத்தில் படும்போது மீன் வாடை தூக்கும். அதே கடலில்தான் ஒரு காலத்தில் இவற்றைக் கொன்று கொன்று ஏறக்குறையத் துடைத்தெடுத்தார்கள். அருகில் உள்ள என்டர்பிரைஸ் தீவில் 1915இல் தீப்பிடித்துக் கரைதட்டிய 'கவர்னோரன்' என்ற நார்வே திமிங்கில எண்ணெய்க் கப்பல் இன்னும் துருப்பிடித்து நிற்கிறது. திமிங்கிலங்கள் திரும்பி வந்திருக்கின்றன என்பதை அந்த இடத்தில் பார்ப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் பெரிய விஷயம். இதே மாதங்களில்தான் பனி விலகி, தெற்கு அட்சரேகை 66 டிகிரி 33 நிமிடத்தில் உள்ள அன்டார்க்டிக் வட்டத்தைத் தாண்டும் நீண்ட பயணங்களும் நடக்கும். குறை என்னவென்றால், கரையோரப் பனி சேறாகி அழுக்காக இருக்கும். பெங்குவின்களில் அடேலி வகை பெரும்பாலும் கிளம்பிவிட்டிருக்கும். மற்றவை இறகு உதிர்த்துக்கொண்டு பரிதாபமாக நிற்கும். ஆனால் வளர்ந்த ஜென்டூ குஞ்சுகள் சாப்பாடு கேட்டுத் தாய் தகப்பனைத் துரத்தி ஓடுவதை வேறெந்த மாதத்திலும் பார்க்க முடியாது.

உங்களுக்குப் பனியும் நிசப்தமும் முக்கியமென்றால் நவம்பர். அம்மாவோடு போவதென்றால் நடக்க எளிதான ஜனவரி பின்பாதி அல்லது பிப்ரவரி.

வழி எப்படி என்பதையும் சொல்கிறேன். பெரும்பாலான கப்பல்கள் அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயாவிலிருந்து மாலையில் புறப்படும். முதல் சில மணி நேரம் பீகிள் கால்வாயில் குளம் மாதிரி அமைதி. நடுஇரவில் திறந்த கடல். அதுதான் டிரேக் நீரிணை, தென் அமெரிக்கக் கோடிக்கும் தெற்கு ஷெட்லாண்டு தீவுகளுக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர். அந்த அட்சரேகையில் உலகத்தைச் சுற்றி வரும் காற்றையும் நீரோட்டத்தையும் தடுக்க நிலமே கிடையாது, எல்லாம் இந்த இடைவெளி வழியாகத்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. கடக்க ஏறக்குறைய இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள். ஒருமுறை தட்டையாக இருக்கும், இன்னொரு முறை சாப்பாட்டு மேசையில் தட்டு நிற்காது. குமட்டல் மாத்திரையைக் கால்வாயில் இருக்கும்போதே போடுங்கள். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. கப்பலில் ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். ஆனால் கதவு நிலையை மட்டும் பிடிக்காதீர்கள். கப்பல் சாயும்போது கனமான கதவு விரல்மேல் சாத்திக்கொள்ளும். எலும்பு முறிவு பெரும்பாலும் பனியில் அல்ல, இப்படி உள்ளேதான் நடக்கிறது.

கடலைத் தவிர்க்க வழி இருக்கிறது. சிலியின் புன்டா அரேனாஸிலிருந்து கிங் ஜார்ஜ் தீவுக்கு இரண்டு மணி நேர விமானம், அங்கே கப்பல் காத்திருக்கும். செலவு கூடும், மூடுபனி இருந்தால் விமானம் ஒரு நாள், இரண்டு நாள் தள்ளிப்போகும். விடுமுறை குறைவாக உள்ளவர்களுக்கும் கடல் சுத்தமாக ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இது நல்ல வழி. மற்றவர்களுக்கு நான் கடலையே சொல்வேன். பின்னால் அல்பட்ராஸ் பறவைகள் இறக்கை அசைக்காமல் மணிக்கணக்கில் கூடவே வரும். அதைப் பார்க்கும் இரண்டு நாள் வீணல்ல.

அந்த இரண்டு நாளில் ஒரு வேலையும் உண்டு. எல்லோரும் தங்கள் கோட், பேன்ட், முதுகுப்பை, கேமரா பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வரவேண்டும். வாக்குவம் கிளீனர் வரிசையாக வைத்திருப்பார்கள். பாக்கெட்டின் உள்மூலை, ஒட்டும் பட்டை, தையல் மடிப்பு என்று ஒவ்வொன்றாக உறிஞ்சி, ஊசி போன்ற விதைகளை இடுக்கியால் எடுப்போம். சிலருக்கு இது வேடிக்கையாகத் தெரியும். ஆனால் கிங் ஜார்ஜ் தீவில் போலந்து ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றி, மனிதர்கள் காலோடு வந்த ஒரு சாதாரணப் புல் வேர்விட்டு, அதைப் பிடுங்க இன்றும் ஆட்கள் பாடுபடுகிறார்கள். பழைய மலையேற்றப் பை கொண்டுவருபவர்கள் வீட்டிலேயே ஒருமுறை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு வாருங்கள்.

பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவுவது ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னும் பின்னும் உண்டு. 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியா தீவிலும், 2024 பிப்ரவரியில் அன்டார்க்டிகா தீபகற்பத்திலும் பறவைக் காய்ச்சல் உறுதியான பிறகு விதிகள் இறுகிவிட்டன. கரையில் உட்காரக் கூடாது, மண்டியிடக் கூடாது, பையைத் தரையில் வைக்கக் கூடாது. பெங்குவினிடமிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் விலகி நிற்கவேண்டும். அது குறுக்கே வந்தால் நீங்கள் நின்று வழிவிடவேண்டும். நோய் சந்தேகம் இருக்கும் இடங்களில் இறக்கமே ரத்தாகும். அப்போது கோபப்படாதீர்கள்.

ரத்து என்பதே அங்கே சாதாரணம். காலையில் போர்ட் லாக்ராய் என்று அட்டவணையில் போட்டிருக்கும். 1944இல் பிரிட்டிஷார் கட்டிய சிறிய மரக்கட்டடம், இப்போது அருங்காட்சியகமும் தபால் நிலையமும். அங்கிருந்து வீட்டுக்கு அட்டை போடலாம் என்று எல்லோருக்கும் ஆசை. ஆறு மணிக்குப் பார்த்தால் விரிகுடா முழுக்க உடைந்த பனி அடைத்துக்கொண்டிருக்கும், படகு இறக்க முடியாது. எக்ஸ்பெடிஷன் லீடரும் (இறக்கங்களை நடத்தும் குழுவின் தலைவர்) கேப்டனும் பேசி அரைமணி நேரத்தில் வேறிடம் முடிவு செய்வார்கள். இந்தத் தீர்மானம் எவ்வளவு நன்றாக எடுக்கப்படுகிறது என்பதில்தான் உங்கள் பயணத்தின் தரம் இருக்கிறது. 'இந்த இந்த இடங்கள் உறுதி' என்று வாக்குக் கொடுத்து விற்கும் ஏஜென்ட்டை நம்பாதீர்கள்.

இறங்கும் இடங்களில் எனக்கு மிகப் பிடித்தது நெகோ துறைமுகம். கரைக்கு எதிரே பனியாறு கடலில் வந்து முடிகிறது. துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம்; திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு துண்டு சரிந்திருக்கும். சில நிமிடம் கழித்து அந்த அலை கரைக்கு வரும். அதனால்தான் அங்கே படகிலிருந்து இறங்கியதும் நீரோரம் நிற்காமல் மேலே ஏறச் சொல்கிறோம். டிசெப்ஷன் தீவு வேறு மாதிரி. எரிமலை வாய்க்குள்ளேயே கப்பல் நுழையும். கறுப்பு மணல், நீரோரம் ஆவி, துருப்பிடித்த எண்ணெய்த் தொட்டிகள். 1967லும் 1969லும் வெடித்து அங்கிருந்த நிலையங்களை அழித்த எரிமலை அது, இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

அம்மாவைப் பற்றி. 68 வயது ஒரு தடையே அல்ல. இந்தக் கப்பல்களில் ஓய்வுபெற்றவர்கள் ஏராளம். வயதைவிட முழங்கால் முக்கியம். கஷ்டமான இடம் ஒன்றே ஒன்று: கப்பலின் பக்கவாட்டுப் படியிலிருந்து ஏறி இறங்கும் ரப்பர் படகுக்குக் கால் மாற்றும் அந்த ஓரடி. அங்கே கை கொடுக்கும்போது உள்ளங்கையைப் பிடிக்காமல், ஒருவர் முன்கையை மற்றவர் முன்கையோடு கோத்துப் பிடிக்கவேண்டும். ஈரக் கையுறை வழுக்கினாலும் பிடி நழுவாது. 'இப்போ' என்று படகுக்காரர் சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள். வீட்டு மாடிப்படியை உதவியில்லாமல் ஏறி இறங்குகிறார் என்றால் அவரால் முடியும். கரையில் ஏற்றம் ஏறப் பிடிக்காவிட்டால் கீழேயே நின்று பெங்குவின் பார்க்கலாம். கரையில் கழிப்பறை கிடையாது, சாப்பாடும் கொண்டுபோகக் கூடாது. அவசரமென்றால் படகில் கப்பலுக்கே திரும்பவேண்டும். இதையும் சொல்லிவிடுங்கள்.

இதயநோய், சர்க்கரை இருந்தால் மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் அறுவைசிகிச்சை என்றால் விமானத்தில் தென் அமெரிக்கா போகவேண்டும், வானிலை விட்டால்தான் விமானம் வரும். மருத்துவ மீட்பு அடங்கிய காப்பீடு இல்லாமல் நல்ல நிறுவனம் எதுவும் ஏற்றாது. 2007 நவம்பர் 23 அன்று 'எக்ஸ்ப்ளோரர்' என்ற கப்பல் தெற்கு ஷெட்லாண்டு அருகே பனியில் மோதி மூழ்கியது. இந்த வகைப் பயணத்துக்கென்றே 1969இல் சுற்றுலாத் தொழிலதிபர் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் கட்டவைத்த முன்னோடிக் கப்பல் அது. 154 பேரும் உயிர்காப்புப் படகுகளில் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். 'நார்ட்நோர்கே' என்ற இன்னொரு பயணிகள் கப்பல் அருகில் இருந்ததால் எல்லோரும் பிழைத்தார்கள். அந்தக் கடலில் உதவி என்பது அடுத்த கப்பல்தான்.

இந்தியர்கள் பலர் கேட்கும் இன்னொன்று: இந்தியாவின் மைத்ரி, பாரதி ஆராய்ச்சி நிலையங்களைப் பார்க்கலாமா? முடியாது. அவை கிழக்கு அன்டார்க்டிகாவில், இந்தக் கப்பல்கள் போகும் தீபகற்பத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன.

போவது சரியா என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். 1990களின் தொடக்கத்தில் ஒரு பருவத்துக்குச் சில ஆயிரம் பேர்தான் போனார்கள். 2023-24இல் அந்த எண்ணிக்கை 1,20,000-ஐத் தாண்டியது. கப்பல் புகையின் கரி, பனிமேல் படிந்து அதை வேகமாக உருக்குகிறது. 2024 மே மாதம் கொச்சியில் நடந்த அன்டார்க்டிகா ஒப்பந்த நாடுகளின் கூட்டத்திலும் சுற்றுலாவைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேச்சு நடந்தது. மொத்த எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வரவேண்டும் என்றே நான் நினைக்கிறேன், அதனால் என்னைப் போன்றவர்களுக்கு வேலை குறைந்தாலும் சரி. அதுவரை உங்கள் கையில் இருப்பது, விதிகளை மதிக்கும் சிறிய கப்பலைத் தேர்ந்தெடுப்பதும், ஒரே முறை போய் நிறைய நாள் இருப்பதும்.

பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் கேளுங்கள்: மொத்தம் எத்தனை பயணிகள், ஒரே சமயத்தில் எத்தனை பேரை இறக்குகிறீர்கள், எத்தனை ரப்பர் படகு, எத்தனை வழிகாட்டிகள், ஐயாட்டோ உறுப்பினரா, அன்டார்க்டிகாவில் முழுதாக எத்தனை நாள். 'பதினோரு நாள்' என்று விளம்பரத்தில் இருந்தால் கடலைக் கடக்கும் நான்கு நாளையும் ஏறி இறங்கும் நாளையும் கழித்துவிடுங்கள். ஐந்து நாள் மிஞ்சினால் நல்லது. சைவ உணவைப் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். அர்ஜென்டினா விசாவை மாதக்கணக்கில் முன்பே தொடங்குங்கள். உஷுவாயாவுக்குக் கப்பல் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். சென்னையிலிருந்து போகும்போது இரண்டு மூன்று விமானம் மாறவேண்டியிருக்கும், பெட்டி எங்காவது தங்கிவிட்டால் கப்பல் காத்திருக்காது. தண்ணீர் புகாத பேன்ட், இரண்டு ஜோடி கையுறை, அம்மாவின் மருந்துகள், இந்த மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும். பூட்ஸைப் பெரும்பாலான கப்பல்களில் அவர்களே தருவார்கள். அளவை மட்டும் கம்பளி சாக்ஸ் போட்டுப் பார்த்து, ஒரு எண் கூடுதலாகச் சொல்லுங்கள்.